மதுரையைவிடப் பக்கம் யாழ்ப்பாணம்!

சென்னைக்கும் யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலிக்கும் நடுவே 355 கிலோமீட்டர்தான். பறக்கும் நேரம் முக்கால் மணி. ஆனாலும் இந்தப் பயணம் ஒரு நாளை விழுங்குவது ஏன்?

சென்னை விமான நிலையத்தின் பன்னாட்டு முனையம், மதிய நேரம். துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் கிளம்புகிறவர்கள் கண்ணாடிப் பாலம் வழியாக நேரே விமானத்துக்குள் நடந்துவிடுகிறார்கள். யாழ்ப்பாணப் பயணிகள் படியிறங்கிப் பேருந்தில் ஏறுகிறார்கள். அது பெரிய விமானங்களையெல்லாம் தாண்டிக்கொண்டு போய், ஒதுக்குப்புறமாக நிற்கும் சிறிய ஏடிஆர் விமானத்தின் அருகே நிற்கிறது. இரண்டு பக்கமும் விசிறி வைத்த எஞ்சின்கள். ஏறும் வாசல் வால் பக்கத்தில். பெட்டிகள் போகும் அறை முன்பக்கத்தில், விமானி அறைக்குப் பின்னால்.

வரிசையில் நிற்பவர்களின் கைகளைப் பார்த்தாலே பயணத்தின் காரணம் தெரிந்துவிடும். தியாகராய நகர் ஜவுளிக்கடையின் கட்டைப் பைகள். கலியாண வீட்டுக்கான கூறைச் சேலை உள்ளே மடியாமல் இருக்கிறது. எக்ஸ்ரே படங்கள் துருத்திக்கொண்டு நிற்கும் மருத்துவமனை உறை. கனடா பாஸ்போர்ட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அம்மம்மாவைப் பார்க்கப் போகும் பிள்ளைகள்.

ஏடிஆரின் இறக்கை உடலுக்கு மேலே இருக்கிறது. அதனால் ஜன்னலோரம் உட்கார்ந்தால் சக்கரம் மேலெழும்பி விமானத்தின் வயிற்றுக்குள் மடங்குவதை நேராகப் பார்க்கலாம். மாமல்லபுரத்தைத் தாண்டியதும் கரை விலகிக் கடல் வந்துவிடுகிறது. வானம் தெளிவாக இருந்தால் வலப்பக்க ஜன்னல்காரர்களுக்குப் புதுச்சேரி, கடலூர், நாகை, கோடியக்கரை என்று தமிழ்நாட்டுக் கரை முழுவதும் தூரத்துக் கோடாகத் தெரியும். கோடியக்கரை மறையும்போது விமானம் இறங்கிக்கொண்டிருக்கும். கீழே செம்மண், தோட்டம், பனை. அது பலாலி.

முக்கால் மணி, ஒன்றே கால் மணி ஆவது எப்படி?

இரண்டு விமான நிலையங்களின் அட்ச, தீர்க்க ரேகைகளை வைத்துக் கணக்குப் போட்டால் சென்னைக்கும் பலாலிக்கும் இடையிலான நேர்தூரம் ஏறத்தாழ 355 கிலோமீட்டர். இதே கணக்கில் சென்னைக்கும் மதுரைக்கும் 415 கிலோமீட்டருக்கு மேல். அதாவது சென்னை விமானிக்கு யாழ்ப்பாணம் மதுரையைவிடக் கிட்டத்தட்ட 60 கிலோமீட்டர் பக்கம்.

ஏடிஆர் 72 விமானம் உச்ச உயரத்தை எட்டியபின் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் வேகத்தில் போகும். 355-ஐ 500-ஆல் வகுத்தால் 43 நிமிடம். ஆனால், 2024 செப்டம்பரில் இண்டிகோ இந்தச் சேவையைத் தொடங்கியபோது அறிவித்த அட்டவணை இப்படி இருந்தது: சென்னையில் பிற்பகல் 1.55-க்குக் கிளம்பி, யாழ்ப்பாணத்தில் 3.10-க்கு இறங்கும், அங்கிருந்து 3.55-க்குக் கிளம்பி, சென்னைக்கு 5.10-க்கு வரும். ஒரு வழிக்கு 75 நிமிடம்.

மிச்ச அரை மணி எங்கே போனது? விமான நிறுவனங்கள் சொல்லும் நேரம், விமானம் நின்ற இடத்திலிருந்து நகரும் கணத்தில் தொடங்கி, சேர்ந்த இடத்தில் நிற்கும் கணத்தில் முடிகிறது. சென்னையில் ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, முன்னால் நிற்கும் விமானங்கள் கிளம்பும்வரை காத்திருப்பது, மெதுவாக மேலேறுவது, நடுவழியில் சென்னைக் கட்டுப்பாட்டாளர்களிடமிருந்து இலங்கைக் கட்டுப்பாட்டாளர்களுக்குக் கைமாறுவது, வேகம் குறைத்து இறங்குவது எல்லாம் அதில் அடக்கம். தாமதத்துக்கென்று கொஞ்சம் உபரியும் சேர்த்து வைப்பார்கள்.

ஜெட் விமானம் விட்டால் சீக்கிரம் போய்விடாதா என்று கேட்கலாம். இவ்வளவு குறைந்த தூரத்தில் ஜெட் முழு உயரத்துக்கு ஏறி முடிப்பதற்குள் இறங்க வேண்டிய இடம் வந்துவிடும். மிச்சமாவது சில நிமிடங்கள்தான். எரியும் எண்ணெயோ கூடுதல்.

■ பெட்டிச் செய்தி: வான்வழித் தூரம் (ஏறத்தாழ)

• திருச்சி – யாழ்ப்பாணம்: 185 கி.மீ.
• கொழும்பு (கட்டுநாயக்க) – யாழ்ப்பாணம்: 290 கி.மீ.
• திருச்சி – சென்னை: 295 கி.மீ.
• சென்னை – யாழ்ப்பாணம்: 355 கி.மீ.
• சென்னை – மதுரை: 415 கி.மீ.
• சென்னை – கொழும்பு (கட்டுநாயக்க): 645 கி.மீ.

கடல்வழியில் கோடியக்கரையிலிருந்து காங்கேசன்துறை 55 கி.மீ. மட்டுமே. நாகப்பட்டினத்திலிருந்து 107 கி.மீ.

தலைக்கு மேல் போன விமானம்

சில ஆண்டுகளுக்கு முன்புவரை யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்குப் போவதென்றால் முதலில் கொழும்புக்கு வெளிக்கிட வேண்டும். இரவு பஸ் எடுத்து, ஏ9 வீதி வழியாக ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தெற்கே போய், விடியற்காலையில் இறங்கி, கொழும்பு வெள்ளவத்தையில் உறவுக்காரர் வீட்டிலோ லாட்ஜிலோ முகம் கழுவி, மறுபடி கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வாகனம் பிடிக்க வேண்டும். அதன்பின் விமானம் ஏறினால், அது வந்த திசையிலேயே 645 கிலோமீட்டர் வடக்கே பறக்கும். வரைபடத்தில் கட்டுநாயக்கவிலிருந்து மீனம்பாக்கத்துக்கு நேர்கோடு போட்டால் அது பலாலிக்குச் சில கிலோமீட்டர் தள்ளிப் போகிறது. முதல் நாள் இரவு பூட்டிவிட்டு வந்த வீட்டை மறுநாள் பகலில் மேலிருந்து கடந்துபோனார்கள் யாழ்ப்பாணத்தவர்கள்.

போகிறவருக்குப் பஸ் செலவு, தங்கும் செலவு, வாகனச் செலவு. வயதானவர் என்றால் துணைக்கு ஒருவர். அவருக்கும் இதே செலவு. விமானச் சீட்டின் விலையில் இவை எதுவும் தெரியாது.

இந்தச் சுற்று எப்போதும் இருந்ததல்ல. பலாலி, இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படை அமைத்த தளம். 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம், ஒரு டகோட்டா, கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையில் கிளம்பி, காங்கேசன்துறையில் (அதாவது பலாலியில்) இறங்கி, மெட்ராஸுக்குப் போனது. சுதந்திரம் பெறவிருந்த நாட்டின் தேசிய விமான சேவை தொடங்கியதே யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்கு.

அதற்கும் முன்பே இந்தப் போக்குவரத்து பழகிப்போன ஒன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளுள் ஒருவரான சி. வை. தாமோதரம் பிள்ளை, யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டிக்காரர். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் சென்னையிலும் அச்சுக்கூடம் வைத்தார், சிதம்பரத்திலும் பள்ளிக்கூடம் வைத்தார்.

உள்நாட்டுப் போர் வந்தபின் பலாலி இராணுவத் தளமானது. 1990-இல் யாழ்ப்பாணத்துக்கு ரயில் நின்றது. ஏ9 வீதியும் அடைபட்டது. குடாநாட்டிலிருந்து வெளியேற மிச்சமிருந்தவை கப்பலும் விமானமும்தான். அப்படி 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து இரத்மலானைக்குக் கிளம்பிய லயன் ஏர் அன்டனோவ் விமானம் மன்னார்க் கடலில் விழுந்து, அதிலிருந்த 55 பேரும் இறந்தார்கள்.

■ பெட்டிச் செய்தி: திறந்ததும் அடைத்ததும்

• 1914 – பாம்பன் பாலம் திறப்பு. சென்னை எழும்பூரிலிருந்து தனுஷ்கோடிக்கு ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி ரயிலில் கொழும்பு: போட் மெயில்.
• 1947 – இரத்மலானை – காங்கேசன்துறை – மெட்ராஸ் விமானம்.
• 1964 – டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது.
• 1990 – யாழ்ப்பாண ரயில் நிறுத்தம். பலாலிச் சுற்றுவட்டார மக்கள் வெளியேற்றம்.
• 2014 – அக்டோபர் 13: யாழ்தேவி ரயில் மீண்டும் யாழ்ப்பாணத்தில்.
• 2019 – அக்டோபர் 17: யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் திறப்பு. நவம்பர் 11: அலையன்ஸ் ஏர் சென்னைச் சேவை.
• 2020 – மார்ச்: கொரோனாவால் நிறுத்தம்.
• 2022 – டிசம்பர் 12: மீண்டும் சேவை.
• 2024 – செப்டம்பர் 1: இண்டிகோ.
• 2025 – மார்ச் 30: திருச்சி – யாழ்ப்பாணம்.

ஒரு டாக்டர், இரண்டு இரவு

நேரடி விமானம் வந்ததால் மிச்சமானது என்ன? யாழ்ப்பாணம் நல்லூரில் இருக்கும் ஒருவர், அந்த 2024 அட்டவணைப்படி, 3.55 விமானத்துக்கு மதியம் 12 மணியளவில் வீட்டைவிட்டுக் கிளம்பினால் போதும். பலாலி அரை மணிப் பயணம். சென்னையில் 5.10-க்கு இறங்கி, குடிவரவுச் சோதனை முடித்து, பெட்டி எடுத்து, தியாகராய நகர் போய்ச் சேர ஏழு மணி. வாசலிலிருந்து வாசலுக்கு ஏழு மணி நேரம். கொழும்பு சுற்றுக்கு முன்னிரவு கிளம்பினால் மறுநாள் பிற்பகல் ஆகிவிடும். ஆக, பாதிக்கும் மேல் மிச்சம்.

ஆனால் அந்த ஏழு மணி நேரத்தில் ஆகாயத்தில் கழிவது ஒரு மணிக்கும் குறைவு. மிச்சம் எல்லாம் தரையில், வரிசையில்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. நாளுக்கு ஒரே ஒரு விமானம் என்றால், பயணத்தின் நீளத்தை விமானத்தின் வேகம் தீர்மானிப்பதில்லை, அட்டவணைதான் தீர்மானிக்கிறது. சென்னை டாக்டர் ஒருவரிடம் ஒரே ஒரு முறை காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மாலை 5.10-க்கு இறங்குகிறவருக்கு அன்றைய பகல்நேர வெளிநோயாளர் பிரிவு முடிந்துபோயிருக்கும். மறுநாள் காலை டாக்டரைப் பார்க்கலாம். ஆனால் 1.55 விமானத்துக்கு 11 மணிக்கே மீனம்பாக்கத்தில் நிற்க வேண்டும். காலையில் ரத்தப் பரிசோதனை, மதியம் முடிவு, மாலை மறுபடி டாக்டர் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டால் அன்றைய விமானம் போயிற்று. இரண்டாவது இரவு அறை வாடகை, துணைக்கு வந்தவரின் சாப்பாடு, ஆட்டோ. பதினைந்து நிமிட ஆலோசனைக்கு மூன்று நாள்.

காலையில் ஒரு விமானம் வந்து மாலையில் ஒன்று திரும்பினால் இதே வேலையை ஒரே நாளில் முடிக்க வழி உண்டு. தூரம் இடம் கொடுக்கிறது. அதற்கு இன்னொரு விமானம் வேண்டும். அதை நிரப்ப ஆள் வேண்டும். நாள்தோறும் எழுபது, எண்பது இருக்கைகள் நிரம்பினால்தான் நிறுவனம் இரண்டாவது விமானத்தைப் பற்றி யோசிக்கும். நேரம் ஒத்துவராததால் கொழும்பு வழியே போகிறவர்கள் அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

பெட்டியின் எடையும் ஒரு தலைவலி. சிறிய விமானத்தில் ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கு உண்டு. கலியாணச் சாமான் வாங்க வந்தவர்கள் கவுன்டர் முன்னால் பெட்டியைத் திறந்து, சேலையை ஒரு பையிலும் பித்தளைக் குத்துவிளக்கை இன்னொரு பையிலும் மாற்றி மாற்றி வைப்பதைப் பார்க்கலாம்.

திருச்சி திறந்த வழி

சென்னையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தபோது, 2025 மார்ச்சில் திருச்சி – யாழ்ப்பாணம் விமானம் வந்தது. தூரம் 185 கிலோமீட்டர். திருச்சிக்காரருக்கு வான்வழியில் யாழ்ப்பாணம், தலைநகர் சென்னையைவிட 110 கிலோமீட்டர் பக்கம். அட்டவணைப்படி சுமார் ஒரு மணி நேரம்.

இதன் விளைவு சென்னைச் சேவையினுடையதிலிருந்து வேறுபட்டது. ஈழத்திலிருந்து வருகிற யாத்திரிகர்கள் போக நினைக்கும் ஊர்களில் பல காவிரிப் பக்கத்தில் இருக்கின்றன: சிதம்பரம், திருநள்ளாறு, ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், வேளாங்கண்ணி. சென்னையில் இறங்கினால் இவற்றுக்கு இன்னொரு இரவுப் பயணம். திருச்சியில் இறங்கினால் வாடகைக் காரில் அன்றைக்கே முதல் கோயில். எதிர்த்திசையில், ஆடி, ஆவணியில் நடக்கும் 25 நாள் நல்லூர்த் திருவிழாவுக்கும், நயினாதீவு நாகபூசணி அம்மனுக்கும், கீரிமலைக்கும் டெல்டாக்காரர்கள் போகலாம்.

திருச்சியிலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், வளைகுடா நகரங்களுக்கு விமானங்கள் இருக்கின்றன. வெளிநாட்டில் இருக்கும் யாழ்ப்பாணத்தவருக்குக் கொழும்பைத் தொடாமல் ஊர் போக இதுவும் ஒரு வழி. ஆனால் இங்கே ஒரு முடிச்சு. இரண்டு விமானத்துக்கும் தனித்தனி டிக்கெட் எடுத்திருந்தால், பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க இந்தியாவுக்குள் நுழைந்துதான் ஆக வேண்டும். அதற்கு விசா வேண்டும். கனடா பாஸ்போர்ட்டோ பிரெஞ்சு பாஸ்போர்ட்டோ, முதலில் அந்த விண்ணப்பம், அதன்பிறகுதான் டிக்கெட்.

டிக்கெட் வாங்க முடியாதவர்கள்

இந்த விமானத்தைத் தினமும் பார்த்தும் ஏற முடியாதவர்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கிறார்கள். 2021-இல் தமிழ்நாடு அரசு சட்டமன்றத்தில் சொன்ன கணக்குப்படி 108 முகாம்களில் 58,822 இலங்கைத் தமிழர்கள் இருந்தார்கள். அந்த ஆண்டுதான் அகதிகள் முகாம் என்ற பெயர் மறுவாழ்வு முகாம் என்று மாறியது.

இவர்களில் பெரும்பாலோர் உயிர் தப்பிப் படகில் வந்தவர்கள். பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு வந்தவர்களல்ல. திரும்பிப் போக விரும்பினால் இலங்கைத் துணைத் தூதரகத்தில் பயண ஆவணம் பெற வேண்டும். இந்தியத் தரப்பில் வெளியேறும் அனுமதி பெற வேண்டும். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இலங்கைக் குடியுரிமைப் பதிவு தனி. கணவருக்கு ஆவணம் வந்து மனைவிக்கு வராமல் நிற்கும் குடும்பங்களுக்கு 355 கிலோமீட்டர் ஒரு பொருட்டே அல்ல.

நாகை கப்பல்: எதிரியா, துணையா?

2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குச் செரியபாணி என்ற கப்பல் கிளம்பியது. வடகிழக்குப் பருவமழை நெருங்கிய நேரம். சில நாளிலேயே சேவை நின்றுபோனது. 2024 ஆகஸ்ட் 16-இல் சிவகங்கை என்ற கப்பலோடு மீண்டும் தொடங்கியது. கடலில் சுமார் நான்கு மணி நேரம்.

சுமை அதிகமுள்ள வியாபாரிக்கும், விமானக் கட்டணம் கட்டுப்படியாகாத குடும்பத்துக்கும் கப்பல் தோது. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளித்தால் அதை நம்பி முகூர்த்த நாள் குறிக்க முடியாது. அந்த மாதங்களில் விமானத்தில் கூட்டம் ஏறும். டிக்கெட் விலையும் கூடவே ஏறும். கப்பல் தவறாமல் ஓடுகிற மாதங்களில் விமானக் கட்டணத்துக்கு ஒரு கடிவாளம் கிடைக்கிறது. இரண்டில் ஒன்று படுத்தால் பயணியின் பையில்தான் அடி.

■ பெட்டிச் செய்தி: கடிகாரத்துக்கும் ஒரு கடல்

சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் இன்று ஒரே மணி. 1996 மேயில் மின்சாரம் மிச்சப்படுத்த இலங்கை தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியது; அதே ஆண்டு அக்டோபரில் அரை மணி பின்னால் இழுத்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் பழைய நேரத்திலேயே இருந்தன. ஒரே தீவில் இரண்டு மணி. 2006 ஏப்ரல் 15-இல்தான் இலங்கை முழுவதும் மறுபடி இந்திய நேரத்துக்கு வந்தது.

ஓடுபாதையின் ஓரத்து நிலம்

2019-இல் பலாலியைத் திறந்தபோதே, ஓடுபாதையைப் படிப்படியாக நீட்டி ஏர்பஸ் ஏ320 போன்ற விமானங்கள் இறங்கும் அளவுக்கு ஆக்குவதாகத்தான் திட்டம். இன்று சென்னைக்கும் திருச்சிக்கும் ஓடுவது ஏடிஆர். பெரிய விமானம் வந்தால் ஒரே பயணத்தில் இரு மடங்கு ஆட்கள் போகலாம், சரக்கும் ஏற்றலாம். வலிகாமத்துச் செம்மண்ணில் விளையும் காய்கறிக்கும், யாழ்ப்பாணத்துக் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்துக்கும், காங்கேசன்துறைக் கடல் மீனுக்கும் அதே நாளில் வெளிநாட்டுச் சந்தை கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு அங்கே உண்டு.

அந்த ஓடுபாதையைச் சுற்றியிருக்கும் நிலம் யாருடையது என்பது வேறொரு கணக்கு. 1990-இல் பலாலி, மயிலிட்டி, காங்கேசன்துறை ஊர்களிலிருந்து மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். அந்தப் பகுதி உயர் பாதுகாப்பு வலயம் ஆனது. 2013-இல் அதில் 6,381 ஏக்கரைச் சுவீகரிப்பதாக அரசு அறிவித்தல் ஒட்டியது. உரிமையாளர்கள் நீதிமன்றம் போனார்கள். அதன்பின் கொஞ்சம் கொஞ்சமாக நிலம் விடுவிக்கப்பட்டுவருகிறது. இன்னும் முழுவதும் விடவில்லை.

இதனால் விமான நிலைய விரிவாக்கம் என்ற செய்தி யாழ்ப்பாணத்தில் இரண்டு விதமாகக் கேட்கப்படுகிறது. கனடாவிலிருந்து வரும் மகளுக்காகக் காத்திருப்பவருக்கு அது நல்ல செய்தி. காணி உறுதியை இரும்புப்பெட்டியில் வைத்துக்கொண்டு, முப்பது ஆண்டுக்கு மேலாக வேறொருவர் வீட்டில் வாடகைக்கு இருப்பவருக்கு, தன் தோட்டம் ஓடுபாதையின் எந்தப் பக்கம் வரும் என்பதே முதல் கேள்வி. பல வீடுகளில் இந்த இரண்டு பேரும் ஒருவரே. அவர்கள் கேட்பது விமானமா நிலமா என்ற தேர்வை அல்ல. எவ்வளவு நிலம் வேண்டும், எந்தப் பகுதியில், மிச்சம் எந்தத் தேதியில் திரும்பும், எடுத்ததற்கு என்ன விலை என்று எழுத்தில் சொல்லும்படி கேட்கிறார்கள். பெரிய விமானம் எப்போது வரும் என்று சென்னைப் பயணி கேட்கும் கேள்வியும் அந்தப் பதிலைத்தான் எதிர்பார்த்து நிற்கிறது.